சேம அச்சு யாருக்கு?

மதுரைச் சுற்றுச்சாலையில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள், தோழர்களே! உத்தங்குடியில் தொடங்கி விரகனூரைத் தொட்டுக் கப்பலூர் வரை வளைந்து செல்லும் அந்தச் சாலையிலே, நாற்பதடி நீளப் பெட்டியைச் சுமந்த டிரெய்லர் லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக, மண் அதிர, புழுதி பறக்க, போய்க்கொண்டே இருக்கும். சிறுவர்கள் சக்கரங்களை எண்ணுவார்கள். பெரியவர்கள் பெட்டியின்மேல் எழுதியிருக்கும் கப்பல் கம்பெனியின் பெயரைப் படிப்பார்கள். மோட்டார் சைக்கிளில் வருபவர் ஒதுங்கி நின்று பெருமூச்சு விடுவார்.

நம் கண் அங்கெல்லாம் போவதில்லை. முன்வண்டியும் பின்வண்டியும் கூடுகின்ற இடத்துக்கே போகும். அங்கே ஓர் இரும்பு முளை இருக்கிறது. இரண்டு அங்குலக் கனம். 'கிங் பின்' என்பார்கள், ராஜ முளை! பார்த்தால் உரல் குழவியின் நுனி போல இருக்கும். நாற்பது டன் பாரம் அந்த இரண்டங்குல முளையைப் பிடித்துக்கொண்டுதான் தூத்துக்குடி வரை போகிறது. பாரம் மட்டுமா? ஒரு குடும்பமே அந்த முளையைப் பிடித்துக்கொண்டு போனதையும், ஒருநாள் அது கழற்றப்பட்டதையும் நாம் அருகிலிருந்து கண்டோம். கண்டது மட்டுமல்ல; கழற்றப் போனவர்களில் நாமும் ஒருவர். ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

மேடை ஏறுவதற்கு முன்னால், ஏட்டுக்கு எழுதுவதற்கு முன்னால், நாம் கணக்கெழுதிப் பிழைத்தோம். 2008ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது கல்லூரி வாசல் நம்மை அழைக்கவில்லை. வீட்டு அடுப்புதான் அழைத்தது. விரகனூர்ப் பக்கம், சாலையோரம், டிரெய்லர் வாடகைக்கு விடும் அலுவலகம் ஒன்றிலே சேர்ந்தோம். ஒரு தகரக் கொட்டகை, ஓர் இரும்பு மேசை, சுவரிலே தேதி கிழிக்கும் நாட்காட்டி, வெளியே இருபது டிரெய்லர்கள். நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தோம். அந்த நான்கு ஆண்டுகள்தாம் நமக்குக் கல்லூரி. என்ன படித்தோம் தெரியுமா? உழைப்பவனுக்கு 'உரிமையாளன்' என்று பட்டம் சூட்டி, அந்தப் பட்டத்தாலேயே அவன் கழுத்தை நெரிக்கும் வித்தையைப் படித்தோம்!

தொழிலின் முறையைச் சொல்லிவிடுகிறோம். சாதாரண லாரி என்றால் இஞ்சினும் பாரமும் ஒரே உடல். டிரெய்லர் அப்படியன்று. முன்னால் இழுக்கிற வண்டி தனி. பின்னால் இழுபடுகிற வண்டி தனி. பின்வண்டிக்கு இஞ்சினும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ஆனால் அதிலேதான் சரக்கு இருக்கிறது. சரக்கு இருக்கிற இடத்தில்தானே காசு இருக்கிறது!

இந்த டிரெய்லரைப் பெற்றெடுத்தவர்களிலே ஒருவர் பட்டறையில் இரும்படித்த கொல்லர் என்பதைக் கேட்டால் மகிழ்வீர்கள். அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரில் அகஸ்ட் புரூஹாஃப் என்பவர் 1914ஆம் ஆண்டு, ஒரு மரவியாபாரியின் படகை ஃபோர்டு காருக்குப் பின்னால் கட்டி இழுக்க வண்டி ஒன்று செய்து கொடுத்தார். குதிரை முதுகில் சுமப்பதைவிடக் கட்டி இழுப்பது அதிகம் என்ற எளிய உண்மைதான் அதன் அடிப்படை. பின்னர் 1956ஆம் ஆண்டு, லாரித் தொழில் நடத்திய மால்கம் மெக்லீன் என்பவர், 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அன்று முதல் கப்பலும் லாரியும் ஒரே பெட்டியைக் கைமாற்றிக்கொள்ளும் காலம் பிறந்தது. கொல்லன் செய்த வண்டி. லாரிக்காரன் கண்ட வழி. ஆனால் அதன் ஆதாயம் கொல்லனுக்கும் லாரிக்காரனுக்கும் வந்து சேர்ந்ததா? அதுதான் கேள்வி.

நமது அலுவலகத்தில் வாடகை முறை இதுதான். இழுவை வண்டி மட்டும் வைத்திருப்பவன் வருவான். பெரும்பாலும் பழைய வண்டி. அதுவும் கடனில் வாங்கியது. அவனுக்குப் பின்வண்டி வேண்டும். வாங்கப் பணம் இல்லை. முன்பணம் கட்டுவான், மாத வாடகைக்கு ஒப்புக்கொள்வான், முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுவான். டிரெய்லர் வெளியே போகும்போது ஒவ்வொரு டயரின் எண்ணையும் குறித்துக்கொள்வோம். பட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்துகொள்வோம். சங்கிலி எத்தனை, தார்ப்பாய் எத்தனை, ஜாக்கி உண்டா, ஸ்டெப்னி உண்டா என்று எழுதிக்கொள்வோம். டயர் வெடித்தால் அவன் செலவு. பஞ்சர் அவன் செலவு. அபராதம் அவன் செலவு. வண்டி ஓடினால் வாடகை, ஓடாவிட்டாலும் வாடகை! எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்ட வண்டிக்கும், நசுக்காமல் புறப்பட்ட வண்டிக்கும் வாடகைத் தேதி ஒன்றுதான்.

ஸ்டெப்னி என்றோமே, அது இருபதாம் நூற்றாண்டில் சீமையிலிருந்து வந்த சொல். ஆனால் அந்த நினைப்பு நம் மண்ணுக்குப் புதிதன்று. சங்க காலத்து உமணர்கள் நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாடெங்கும் விற்கப் போனார்கள். பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், வழியிலே அச்சு முறிந்தால் என் செய்வது என்று முன்கூட்டியே எண்ணி, வண்டிக்கு அடியிலே இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். புறநானூற்றின் 102ஆம் பாட்டிலே, அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டார் ஔவையார். முறிவு வரும் முன்பே மாற்று வைத்திருக்க வேண்டும் என்று கண்ட மரபு நம்முடையது. வண்டிக்குச் சேம அச்சு வைத்த தமிழன், வண்டிக்காரனுக்கு என்ன வைத்தான்?

2010ஆம் ஆண்டின் கடைசியில் ஓர் அண்ணன் வந்தார். மேலூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். பதினைந்து ஆண்டுகள் பிறர் வண்டி ஓட்டியவர். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்வோம். மனைவியின் நகையை விற்றார். அரை ஏக்கர் புஞ்சையை அடமானம் வைத்தார். மீதிக்குக் கடன் வாங்கிப் பழைய இழுவை வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நமது கொட்டகை முன்னால் நிறுத்தினார். அன்று அவர் முகத்தில் இருந்த ஒளியை இன்றும் மறக்க முடியவில்லை. அதுவரை அவரை 'ஏப்பா டிரைவர்' என்று கூப்பிட்ட நமது மேலாளர், அன்று நாற்காலி போட்டு, 'வாங்க ஓனர்' என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் கொடுத்த விலை 60,000 ரூபாய் முன்பணம். மாதம் 18,000 ரூபாய் வாடகை.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. ஏழு பக்கம். அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு நம்மிடம் கேட்டார்:

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?"

"வாடகை, தேதி, டயர் நம்பரு... எல்லாம் வழக்கமா உள்ளதுதாண்ணே. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடுங்க."

விரல் வைத்துக் காட்டினோம். அவர் போட்டார். ஆங்கிலம் நமக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தெரியும். வண்டி எந்தக் காரணத்தால் நின்றாலும் வாடகை நிற்காது என்ற வரி நாலாம் பக்கத்தில் இருந்ததும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்தவன் சொல்லும் வழக்கம் இல்லை!

'ஓனர்' என்ற பட்டத்திலே ஒரு சூது இருக்கிறது, தோழர்களே. அந்நாளில் நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேருக்கு மேற்பட்டோ, ஐந்து பேரோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது வரம்பு கட்டியது. தானே ஓட்டி, தானே தார்ப்பாய் கட்டி, தானே டயர் மாற்றும் அண்ணனுக்கு அந்தச் சட்டம் எட்டாது. ஏன்? அவர்தான் 'ஓனர்' ஆயிற்றே! நேற்றுவரை தொழிலாளி, சட்டம் எட்டிப் பார்க்கவாவது செய்யும். இன்று உரிமையாளன், ஒருவரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் உரிமை எங்கே இருந்தது? முன்வண்டியின் பதிவுச் சான்றிதழில் கடன் கொடுத்தவன் பெயர். பின்வண்டியின் சான்றிதழில் நமது அலுவலகத்தின் பெயர். அண்ணனுக்குச் சொந்தம் என்று சொல்ல, இரண்டு கையும் இரவு விழித்த இரண்டு கண்ணும்தான்.

அவர் ஏற்றியது கல். மேலூர் வட்டாரத்துக் கீழவளவு, கீழையூர்ப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து அறுத்தெடுத்த கிரானைட் பாளங்கள், சுற்றுச்சாலை வழியாக அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் கடந்து தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேர்ந்த காலம் அது. கல்லின் எடையைக் கணக்குப் போடுங்கள். ஒரு கன மீட்டர் கிரானைட் ஏறத்தாழ 2.7 டன். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஐந்தடி உயரப் பாளம் ஒன்று ஏறத்தாழ 23 டன். இரண்டு பாளம் ஏற்றினால் கல் மட்டும் 46 டன். வண்டியின் எடையையும் சேர்த்தே 49 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்பது அன்றைய உச்ச வரம்பு. 2018ஆம் ஆண்டில்தான் அது 55 டன்னாக உயர்ந்தது. ஒரு பாளம் ஏற்றினால் டீசல் காசு, வாடகை, தவணை போக மிச்சம் இல்லை. இரண்டு பாளம் ஏற்றினால் சட்டம் இல்லை. அண்ணன் என் செய்வார்? இரண்டு ஏற்றினார்.

அதிக பாரத்துக்கு அந்நாளில் 2,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய். 2019 செப்டம்பர் முதல் அது 20,000 ரூபாய், டன்னுக்கு 2,000 ரூபாய் என்று ஏறிவிட்டது. சட்டத்தின் வாசகம் என்ன? ஓட்டுகிறவன் மட்டும் குற்றவாளி அல்லன்; ஓட்டச் செய்கிறவனும், ஓட்ட அனுமதிக்கிறவனும் குற்றவாளியே என்கிறது. நல்ல வாசகம்! ஆனால் நமது ஏழு பக்க ஒப்பந்தம், அபராதம் எதுவாயினும் வாடகைதாரன் தலையில் என்றது. நாடாளுமன்றம் மூவர் தலையில் வைத்ததை, ஒரு முத்திரைத்தாள் ஒருவன் தலையில் இறக்கி வைத்தது.

வந்தது 2012. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், சட்டத்துக்குப் புறம்பாகக் குன்றுகள் வெட்டப்படுவதை விளக்கி அந்த ஆண்டு மே மாதம் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அரசுக்கு நேர்ந்த இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அது மதிப்பிட்டது. ஆகஸ்டில் நடவடிக்கை தொடங்கியது, குவாரிகள் மூடப்பட்டன. 2014ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றமே அவரை விசாரணைக்கு அமர்த்த, 2015ஆம் ஆண்டு அவர் தம் அறிக்கையை நீதிமன்றத்தில் அளித்தார்.

குன்றைக் களவாடியவர்களுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. மூடியது முறைதான். கண்மாயையும் வாய்க்காலையும் கல்லுக்காகப் பலி கொடுத்த ஊர்களை நாம் அறிவோம். நாம் கேட்பது வேறு. களவு மேலே நடந்தது. கதவு மூடியபோது முதலில் நசுங்கியது கீழே இருந்தவன் விரலல்லவா? கல்லை விற்றவனுக்கு வழக்கறிஞர் உண்டு. டிரெய்லரை வாடகைக்கு விட்டவனுக்கு ஒப்பந்தம் உண்டு. கடன் கொடுத்தவனுக்குப் பதிவுச் சான்றிதழ் உண்டு. ஆளுக்கொரு சேம அச்சு! அண்ணனுக்கு?

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் — மூன்று மாதம் வண்டி நின்றது. அக்டோபர் கடைசியில், டிரெய்லரை எடுத்து வரும்படி மேலாளர் ஆணையிட்டார். வேறொரு இழுவை வண்டியோடு இரண்டு பேர் போனார்கள். ஏட்டைத் தூக்கிக்கொண்டு நாமும் போனோம். வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. அண்ணன் சண்டை போடவில்லை. "நீங்க கழட்டுனா ஹோஸைப் பிச்சுருவீங்க, நானே கழட்டித் தாரேன்" என்றார். பின்வண்டியின் முன்கால்களைச் சுற்றிச் சுற்றி இறக்கினார். காற்றுக் குழாயை உருவினார். விளக்கு வயரைப் பிடுங்கினார். முளையின் பூட்டை இழுத்துவிட்டார். பிறகு தம் வண்டியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கெஜம் முன்னால் நகர்த்தினார். அவ்வளவுதான். வாசலில் அவர் மகள், பள்ளிச் சீருடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் முன்வண்டியையும் கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள். தவணை தவறினாலும் சட்ட வழியில்தான் வண்டியை மீட்க வேண்டும், அடியாட்களை ஏவக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. தீர்ப்பு டெல்லியில் இருந்தது. அண்ணன் மேலூர்ப் பக்கத்தில் இருந்தார்!

நாம் கணக்கை முடித்தோம். முன்பணம் 60,000. மூன்று மாத வாடகை 54,000. மீதம் 6,000 ரூபாய். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "டயர் தேய்மானம்னு எழுதுப்பா" என்றார் மேலாளர். நின்ற வண்டியின் டயர் எப்படித் தேயும் என்று கேட்க நமக்கு நா எழவில்லை. எழுதினோம். 'பாக்கி இல்லை' என்று கோடு போட்டோம். அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேலையை விட்டோம். விட்டதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எழுதியதற்குப் பிறகுதானே விட்டோம்!

அந்தச் சாலை போய் முடிகிற தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனார் பெயரைச் சூட்டினார்கள். வாடகையைப் பற்றி அவரைவிட நமக்குப் பாடம் சொல்லக் கூடியவர் யார்? 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக் கப்பலை வைத்துத்தான் ஓட்டினார்கள். வெள்ளையர் கம்பெனி என்ன செய்தது? வாடகைக்கு விட்டவனை மிரட்டியது. அவன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டான்! இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார் சிதம்பரனார். அப்போதே தெளிந்துவிட்டது அவருக்கு: இரவல் வாகனத்தில் ஏறியவன் கடிவாளம் இன்னொருவன் கையில். பங்கு ஒன்று 25 ரூபாய் என்று ஊர் ஊராகப் பணம் திரட்டிக் கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கினார். 1908இல் சிறை, செக்கிழுத்தார். 1912இல் வெளியே வந்தபோது கம்பெனி கலைந்து போயிருந்தது. தோற்றார் என்பார்கள். இல்லை! தனியொருவனாக வாடகைக்கு எடுப்பவன் வீழ்வான், பலர் கூடிச் சொந்தமாக வாங்கினால் நிற்கலாம் என்ற பாடத்தை நட்டுவிட்டுப் போனார்.

இன்னொரு பாடம் மதுரைக்குள்ளேயே இருக்கிறது. 1972ஆம் ஆண்டு பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. ஸ்டியரிங் பிடித்தவனுக்கு மாதச் சம்பளம் வந்தது, வைப்பு நிதி வந்தது, சங்கம் வந்தது. குறைகள் இன்றும் உண்டு; போராட்டங்களும் உண்டு. ஆனால் பேருந்து பழுதாகி நின்றால் ஓட்டுநரின் உலை நிற்பதில்லை. அதே சாலை, அதே வெயில், அதே தூக்கம் கெட்ட கண்கள். பயணிகளை ஏற்றியவனுக்குச் சேம அச்சு கிடைத்தது. பாரத்தை இழுத்தவனுக்குக் கிடைக்கவில்லை.

கிடைக்க வழியில்லையா? உண்டு என்கிறோம். முதலாவது, கையெழுத்துப் போடுகிறவன் மொழியிலே ஒப்பந்தம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலே தமிழனிடம் தமிழில் வாடகை வாங்குகிறவன், தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? இரண்டாவது, அரசின் ஆணையாலோ இயற்கையின் சீற்றத்தாலோ வண்டி நின்றால் வாடகையும் நிற்க வேண்டும். நடவாத காரியமா இது? 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணைகளைத் தள்ளி வைக்க ரிசர்வ் வங்கியே இடம் கொடுத்ததே! வட்டி ஏறியது என்பது உண்மை. ஆனாலும் வழி பிறந்ததல்லவா? கடனுக்குப் பிறந்த வழி வாடகைக்கு ஏன் பிறக்கக் கூடாது? மூன்றாவது, அதிக பாரத்துக்கு ஏற்றுகிறவனும் வாடகைக்கு விட்டவனும் பதில் சொல்ல வேண்டும். சட்டம் சொல்வதை முத்திரைத்தாள் அழிக்கக் கூடாது. நான்காவது, அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று இந்த மாநிலத்தில் நல வாரியம் இருக்கிறது. பதியாமல் இருப்பவர் எத்தனை பேர்? கழகத் தோழர்கள் கொடி கட்டுகிற கையோடு, தெருவிலே உள்ள ஓட்டுநரை அழைத்துப்போய்ப் பதிய வைத்தால் அதுவே ஒரு மாநாடு! ஐந்தாவது, பத்துப் பேர் கூடி ஒரு டிரெய்லர் வாங்கட்டும். நூறு பேர் கூடிப் பத்து வாங்கட்டும். சிதம்பரனார் காட்டிய வழி அது.

சென்ற ஆண்டு, கூட்டம் ஒன்றுக்காகத் தூத்துக்குடி போகும்போது, பந்தல்குடியில் தேநீர் குடிக்க இறங்கினோம். பெட்டி ஏற்றிய டிரெய்லர் ஒன்று ஓரமாக நின்றது. அதிலிருந்து இறங்கி வந்தவர் அண்ணன்! தலை நரைத்திருந்தது. பிறர் வண்டி, நடைக்கு இவ்வளவு என்று படி. நம்மை அடையாளம் கண்டுகொண்டார். மகள் நர்சிங் படித்து வேலைக்குப் போகிறாள் என்று சொன்னார். அந்த 6,000 ரூபாயை எடுத்து நீட்டினோம். வாங்கவில்லை.

"அது கெடக்கட்டும் தம்பி. அன்னைக்கு எந்த எடத்துல கையெழுத்துப் போடணும்னு வெரல வச்சுக் காட்டுனீங்க. என்ன எழுதியிருக்குன்னு வெரல வச்சுக் காட்டலையே!"

கோபம் இல்லை அந்தக் குரலில். தேநீருக்கும் அவரே காசு கொடுத்துவிட்டு வண்டியேறினார். பின்வண்டிக்கு அடியிலே, கம்பிக் கூட்டுக்குள், ஸ்டெப்னி பத்திரமாக இருந்தது.

படித்தவன் விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதை அன்று கற்றோம். தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒருவன் நாளைக்கு ஏழு பக்க ஒப்பந்தத்தோடு வருவான். இடத்தைக் காட்டாதீர்கள், எழுத்தைக் காட்டுங்கள்!